அமிகாவைத் திறக்கும் முன்

கேள்வி: ஐயா, அப்பாவின் அமிகா 500 கணினி இன்னும் ஓடுகிறது. நினைவகத்தைக் கூட்டி, கணினியைத் தொடக்கும் சிப்பில் உள்ள கிக்ஸ்டார்ட் மென்பொருளை 1.3-இலிருந்து 2.04-ஆக மாற்றலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தாராளமாக மாற்றலாம், தம்பி. 1987-இல் வந்த அந்தக் கணினியில் 512 கிலோபைட்தான். அடிமூடியைத் திறந்து ஏ501 என்ற நினைவக அட்டையைச் செருகினால் ஒரு மெகாபைட் ஆகிவிடும். பழைய அட்டை என்றால், தகரக் கவசத்தைப் பிரித்துக் கடிகார பேட்டரியை முதலில் பாருங்கள். அது கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். நம் பினாங்கின் ஈரக்காற்றில் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், அகற்றிவிடுங்கள்.

மதர்போர்டு 6ஏ பதிப்பாக இருந்தால் 2.04 சிப் நேராகப் பொருந்தும். 5-ஆம் பதிப்புக்குச் சிறு கம்பி இணைப்பு வேண்டும். சில பழைய விளையாட்டுகள் புதியதில் ஓடாது. அப்பா ஆசையாக விளையாடியவை அவையென்றால், இரண்டு சிப்களையும் பொருத்தி மாற்றிக்கொள்ளும் சுவிட்சையே நான் பரிந்துரைப்பேன்.