முதல் படம் வரைக்கும் சோறு யார் போடுவது?

கேள்வி: விஸ்காம் முடித்திருக்கிறேன். இயக்குநராக ஆசை. சென்னையில் ஒரு தனியார் பயிற்சிக்கூடம் ஒரு வருடப் படிப்புக்குப் பல லட்சம் கேட்கிறது. நிலத்தை அடமானம் வைக்க அப்பா தயாராக இருக்கிறார். சேரலாமா, இல்லை நேராக உதவி இயக்குநராகப் போய்விடலாமா?
– ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: நிலத்தில் கை வைக்காதீர்கள். அந்தச் சான்றிதழைப் பார்த்து யாரும் உங்களுக்குப் படம் கொடுக்கப் போவதில்லை.

படித்தே ஆக வேண்டுமென்றால் அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனம் பிளஸ் டூ முடித்தவர்களுக்கானது. பட்டதாரியான உங்களுக்குப் புனேயிலும் கொல்கத்தாவிலும் உள்ள மத்திய அரசின் திரைப்பட நிறுவனங்கள் சரியாக இருக்கும். நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், இடங்களும் மிகக் குறைவு. கிடைக்காவிட்டால் புனே நிறுவனம் 2017 முதல் பல ஊர்களில் நடத்திவரும் குறுகிய காலப் பயிற்சிகளைக் கவனியுங்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றுதான் எனக்குக் கவலை. உதவி இயக்குநராகச் சேர்ந்தால் படப்பிடிப்பு நாட்களில் பேட்டா வரும். கதை விவாதம் நடக்கும் மாதங்களில்? படம் பாதியில் நின்றுவிட்டால்? சாலிகிராமத்தில் நாலு பேர் சேர்ந்து எடுத்த அறைக்கு வாடகை நிற்காது. பல வருடங்கள் இப்படித் தாக்குப்பிடிக்க வீட்டில் வசதி வேண்டும். அது இல்லாதவர்கள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். திறமை இல்லாமல் போனவர்கள் அல்ல அவர்கள். இதைத் தியாகம் என்று புகழ்வது எனக்குப் பிடிக்கவில்லை. இது கூலி கொடுக்காத வேலை, அவ்வளவுதான்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பிரிட்டனில் ஸ்கிரீன்ஸ்கில்ஸ் என்ற அமைப்பு, படங்களும் பெரிய தொடர்களும் தங்கள் செலவில் ஒரு சிறு பங்கைப் பயிற்சி நிதிக்குத் தரும்படி ஏற்பாடு செய்திருக்கிறது. அந்த நிதியின் துணையோடு புதியவர்கள் படப்பிடிப்புகளில் சம்பளத்தோடு பயிற்சி பெறுகிறார்கள். நூறு கோடியில் படம் எடுக்கும் நம் தயாரிப்பாளர்கள் இதைச் செய்ய முடியாதா? அரசு மானியம் கொடுக்கும்போதாவது, உதவி இயக்குநர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்த கணக்கைக் கேட்கலாமே.

அதெல்லாம் வரும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது. அதனால் கையில் ஒரு தொழில் வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங், ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, ஏதாவது ஒன்று. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து புனே போன பாலுமகேந்திரா, 1969இல் ஒளிப்பதிவு படித்து வெளியே வந்தார். இயக்கிய முதல் படம் வெளிவந்தது 1977இல். இடையில் அவருக்குச் சோறு போட்டது கேமராதான், அவரைச் செதுக்கியதும் அதுதான். இன்று எடிட்டிங் தெரிந்த பிள்ளைக்கு யூடியூப் சேனல், விளம்பரம், கல்யாண வீடியோ என்று ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கிறது. கல்யாண வீடியோவைக் கேவலமாக நினைக்காதீர்கள். ரீடேக் கேட்க முடியாத இடத்தில் சரியான நேரத்தில் சரியான முகத்தைப் பிடிப்பது லேசான காரியமில்லை.

அப்புறம், வருடத்துக்கு ஒரு குறும்படமாவது முடியுங்கள். கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் தொலைக்காட்சிக் குறும்படப் போட்டியில்தான் முதலில் கவனிக்கப்பட்டார்கள். கோவா திரைப்பட விழா 2021இல் இளம் படைப்பாளிகளுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. 35 வயதுக்குட்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்து அங்கே அழைத்து, குழுவாகப் பிரித்து 48 மணி நேரத்தில் குறும்படம் எடுக்க வைக்கிறார்கள். எடிட்டர், ஒலிப்பதிவாளர் என்று தனித்தனியாகவும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அறிவிப்பு வரும்போது அனுப்ப, முடித்த வேலை ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

உதவி இயக்குநராகக் கூப்பிட்டால் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படப்பிடிப்பு இல்லாத மாதங்களில் என்ன தருவீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.