ஊர்க்காரர் கொடுத்த துணிக்கட்டு

கேள்வி: நியூயார்க்கில் குடியேறிய யூதர்களில் அத்தனை பேர் ஏன் தையல் தொழிலுக்குப் போனார்கள்? அவர்களுடைய பாடுகளை அவர்கள் சொல்லியே நாம் அறிய வழி உண்டா?
– வாசகி, ஈரோடு

பதில்: பலருக்கு அது அங்கே போய்ப் புதிதாகக் கற்ற தொழில் அன்று, கையோடு கொண்டுபோன தொழில். ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மேற்கு மாகாணங்களில் மட்டுமே வசிக்கலாம் என்ற கட்டுப்பாடும், நிலம் வைத்துப் பயிர் செய்யத் தடைகளும் இருந்ததால், சிறுவணிகமும் கைத்தொழிலுமே அவர்களுக்குப் பிழைப்பாக இருந்தன. 1881இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டபின், பழி யூதர்கள்மேல் போடப்பட்டு அவர்களுடைய குடியிருப்புகள் தாக்கப்பட்டன. அச்சமும் வறுமையும் சேர்ந்து துரத்த, 1924ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற்றத்தைக் கடுமையாகச் சுருக்கும் வரை, 20 லட்சம் அளவிலான கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

அவர்களில் பலர் தங்கிய இடம் நியூயார்க் நகரின் மன்ஹாட்டனிலுள்ள லோயர் ஈஸ்ட் சைடு என்ற பகுதி. முன்பே வந்திருந்த ஜெர்மானிய யூதர்கள் அந்நகரில் ஆயத்த ஆடைத் தொழிலை வளர்த்திருந்தார்கள். வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாக எடுத்துவந்து தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் சொந்த ஊர்க்காரராகவே இருப்பார். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யிட்டிஷில் பேசி, வந்து சேர்ந்த சில நாட்களிலேயே வேலை தருவார். ஆங்கிலம் தெரியாதவருக்கு அது பேருதவி. உருப்படிக் கணக்கில் கூலியைக் குறைத்தவரும் அவரே என்பதை மறைக்கக் கூடாது. ஆர்ச்சர்ட் தெருவின் 97ஆம் எண் கட்டடம், அன்றைய வாழ்வைக் காட்டும் அருங்காட்சியகமாக இன்று காக்கப்படுகிறது. சுமார் 325 சதுர அடியில் மூன்று சிறு அறைகள் கொண்ட அத்தகைய வீடுகளில், முன்னறையில் எந்திரம் ஓடும். சமையல் அடுப்பிலேயே இஸ்திரிப்பெட்டியும் காயும். குழந்தைகள் துணிக்கட்டின்மேல் உறங்கும்.

பின்னர் வேலை பெரிய ஆலைகளுக்கு நகர்ந்தது. 1909 நவம்பரில் கிளாரா லெம்லிக் என்ற 23 வயதுத் தையல் தொழிலாளி கூட்டமொன்றில் யிட்டிஷில் எழுந்து பேசி வேலைநிறுத்தம் கோர, ஏறத்தாழ 20,000 பேர், பெரும்பாலும் இளம்பெண்கள், வேலையை விட்டு வெளியேறினார்கள். பல பட்டறைகள் இறங்கிவந்தன. அந்நகரின் டிரையாங்கிள் என்ற ஆடை ஆலை தொழிற்சங்கத்தை ஏற்கவில்லை. 1911 மார்ச் 25 அன்று அங்கே தீப்பிடித்தபோது ஒரு வாசல் பூட்டியிருந்தது. ஆலை இருந்த மேல்மாடிகளின் உயரத்துக்குத் தீயணைப்பு ஏணிகள் எட்டவில்லை. 146 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிகளான இளம்பெண்கள். அன்று சனிக்கிழமை, யூத மரபில் எந்த வேலையும் செய்யக் கூடாத ஓய்வுநாள். ஆலை முதலாளிகளும் ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்களே என்பது இச்செய்தியில் என்னை மிகவும் வருத்துவது.

தங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை, இதே போன்ற ஒரு வாசகர் பகுதியில் இருக்கிறது. ஆப்ரஹாம் காஹன் ஆசிரியராக இருந்த 'ஃபோர்வர்ட்ஸ்' என்ற யிட்டிஷ் நாளிதழ், 1906இல் 'கடிதக் கட்டு' என்று பொருள்படும் 'பிண்டெல் பிரீஃப்' பகுதியைத் தொடங்கியது. கூலித் தகராறு, மதம் கடந்த காதல், பழைய ஊரில் விட்டுவந்த பெற்றோர் என்று மக்கள் தம் பாடுகளை அதற்கு எழுதினார்கள். மனைவி மக்களைக் கைவிட்டு ஓடிய கணவர்களின் படங்களையும் அந்நாளிதழ் வரிசையாக வெளியிட்டது. தேடித் தரும்படி கேட்டவர்கள் அந்த மனைவியரே.