வீட்டுக்குள் தொட்டியில் வைத்த மல்லிகை நன்றாகத் தழைக்கிறது, பூக்க மாட்டேன் என்கிறதே, ஏன்?

என் குண்டுமல்லியும் ஒன்றரை வருடம் இப்படித்தான் இருந்தது. இலை பளபளவென்று, கொடி நீளநீளமாக, அரும்பு மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. சத்து போதவில்லை என்று நினைத்து உரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். அது தப்பு. தழைச்சத்து அதிகமானால் செடி இலையாகத்தான் விடும். பூக்கும்வரை உரத்தைக் குறையுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது வெயில். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் அறை மல்லிகைக்கு இருட்டு. தினமும் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் நேரடி வெயில் இலைமேல் விழ வேண்டும். கொடி ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து, கணுவுக்குக் கணு இடைவெளி கூடியிருந்தால் வெளிச்சம் பற்றவில்லை. தொட்டியை ஜன்னலோடு ஒட்டி வையுங்கள்.

அப்புறம் கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது. பலர் செய்யத் தயங்குவது இதைத்தான். குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும். எனக்கும் வெட்ட மனசு வரவில்லை. கடைசியில் ஒவ்வொரு கொடியிலும் மூன்றில் ஒரு பங்கை, கணுவுக்குச் சற்று மேலே வெட்டினேன். இரண்டு வாரத்தில் அந்தக் கணுவின் இரண்டு பக்கமும் துளிர் எட்டிப் பார்த்தது. துளிர் கொஞ்சம் வளர்ந்ததும் நுனியில் நெல்மணி அளவில் மூன்று அரும்பு. நடுவில் இருந்ததுதான் முதலில் பருத்து, ஒரு நாள் இருட்டும் நேரத்தில் விரிந்தது. பக்கத்து அறைவரை வாசம் வந்தது.

உங்களுடையது அரும்பின் வெளிப்புறம் ரோஸ் நிறமாக இருக்கும் பாலியாந்தம் வகை என்றால் கதை வேறு. குளிர்காலம் தொடங்கும் முன் சில வாரங்கள் இரவுக் குளிர் பட்டால்தான் அது அரும்பும். கவாத்தையும் பூத்து முடிந்த உடனே செய்துவிட வேண்டும்; தள்ளிப்போட்டால் அடுத்த பருவத்து அரும்பைத்தான் வெட்டுவீர்கள்.

தண்ணீருக்குக் கணக்கு கிடையாது. விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் வேர் அழுகும். ஆனால் அரும்பு கட்டிய நேரத்தில் மண் ஒரேயடியாகக் காயவும் விடாதீர்கள், அரும்பு உதிர்ந்துவிடும்.

இன்னொன்று, ஏசி ஓடும் அறையில் காற்று வறண்டு, இலைச்சாற்றை உறிஞ்சும் செம்பேன் என்ற மிகச் சிறிய உயிரி வரும். இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை தெரிந்தால் அதுதான். செடியைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஒரு தடவையோடு விடாதீர்கள், முட்டைகள் பிறகு பொரிக்கும். சில நாள் இடைவெளியில் மூன்று தடவையாவது கழுவ வேண்டும்.