நாற்பத்தைந்து சுற்று: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் '45 ரெவொலூசியோனெஸ்' என்ற ஸ்பானியத் தொடரைப் பற்றி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, தொடரை விட்டுவிட்டுப் பரணில் கிடக்கும் ரெக்கார்டுகளைப் பற்றியே கேட்கின்றன. சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில்.

தலைப்புக்கு '45 புரட்சிகள்' என்று பொருள் சொல்கிறார்களே, சரியா? (வாசகி, அஸ்தம்பட்டி)

பாதி சரி. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் புரட்சி என்றும் பொருள், சுழற்சி என்றும் பொருள். நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் ஏழு அங்குலத் தட்டைத்தான் தலைப்பு முதலில் சொல்கிறது. 1960களின் மாட்ரிட்டில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைச் சுற்றி நடக்கும் கதை அல்லவா, அதனால் இரண்டு பொருளும் ஒட்டிக்கொள்கின்றன. ஆந்தெனா 3 தொலைக்காட்சியில் 2019இல் வந்தது. 13 பகுதிகளோடு நின்றுவிட்டது. 'கேபிள் கேர்ள்ஸ்' தொடரை எடுத்த பாம்பூ நிறுவனத்தின் தயாரிப்பு என்பதால் உடையிலும் தளவாடத்திலும் குறை சொல்ல இடமில்லை. கதையில்தான் காதல் கொஞ்சம் தூக்கல்.

பாட்டுக்கும் தணிக்கை இருந்ததா? (வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்)

இருந்தது. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியில் இதைக் கவனித்தது தகவல், சுற்றுலா அமைச்சகம். சுற்றுலாவையும் தணிக்கையையும் ஒரே அமைச்சரிடம் கொடுத்திருந்தார்கள். கடற்கரைக்கு வெளிநாட்டாரை வரவேற்பதும், அவர்கள் கேட்கும் பாட்டை உள்ளே விடாமல் இருப்பதும் ஒரே அலுவலகத்தின் வேலை. கடையில் விற்க அனுமதி பெற்ற பாட்டுக்கூட 'வானொலிக்கு ஆகாது' என்ற முத்திரையோடு முடங்கிவிடும். அட்டைப்படமும் தப்பவில்லை. 1971இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' தட்டில் ஜிப் வைத்த ஜீன்ஸ் படம் ஆபாசம் என்று நீக்கப்பட்டது. அதற்குப் பதில் தகர டப்பாவிலிருந்து விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும் படத்தைப் போட்டார்கள். எது அருவருப்பு என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கல்யாணமான பெண் வேலைக்குப் போகக் கணவர் அனுமதி வேண்டுமா, அங்கேயுமா? (வாசகி, சூரமங்கலம்)

ஆமாம், பிராங்கோ கால ஸ்பெயினில் சட்டப்படியே வேண்டியிருந்தது. 1975இல்தான் நீக்கினார்கள்.

ஸ்பானிய ரெக்கார்டு ஒவ்வொன்றிலும் நான்கு பாட்டு இருக்கிறதே, ஏன்? (வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

அது ஈ.பி., அதாவது 'எக்ஸ்டெண்டட் பிளே' என்ற நீட்டித்த தட்டு. நம் வீடுகளில் எச்.எம்.வி., கொலம்பியா முத்திரையோடு இருக்கும் சினிமாப் பாட்டுத் தட்டும் அதே வகைதான். ஏழு அங்குலத் தட்டில் 45 சுற்றில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு என்றால் ஊசி ஓடும் பள்ளங்களை அகலமாக வெட்டலாம், சத்தம் கணீரென்று வரும். இரண்டு பாட்டைத் திணித்தால் பள்ளங்கள் நெருங்கும். அடுத்த பள்ளத்தில் இடிக்காமல் இருக்கச் சத்தத்தைக் குறைத்து வெட்டியாக வேண்டும். உங்கள் ஈ.பி. ஒலி தணிந்து, கூடவே சரசரப்பும் தெரிந்தால் முதல் காரணம் இதுதான், ஊசி அல்ல. பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ச' ஒலிகள் பிசிறுவதற்குக் காரணம் வேறு. தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறைகிறது. அதே ஒலியைக் குறைந்த தூரத்தில் எழுதவேண்டியிருக்கிறது.

ஸ்பெயினில் 1960களின் நடுப்பகுதி வரை இந்த நான்கு பாட்டு வடிவம்தான் கொடிகட்டிப் பறந்தது. வண்ண அட்டையோடு வந்ததால் இன்றும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

ஏற்காட்டு வீட்டில் இரண்டு பெட்டி ரெக்கார்டுகள். எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சை. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? (வாசகர், ஏற்காடு)

பொறுங்கள். முதலில் இரண்டாகப் பிரியுங்கள். பத்து அங்குலம், கனமாக, 78 என்று போட்டிருப்பவை அரக்குத் தட்டுகள். கீழே விழுந்தால் அப்பளம்தான். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மர பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தானே? ஒரே துடைப்பில் பாட்டு துணியோடு வந்துவிடும். இவற்றுக்கு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், அவ்வளவே. ஊறவிடக் கூடாது.

வளையும் தன்மையுள்ள 45, 33 சுற்றுத் தட்டுகள் வினைல். 800 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர், 200 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மூன்று சொட்டுப் பாத்திரத் திரவம் கலந்துகொள்ளுங்கள். செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் தெரியும். சானிடைசர் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் பள்ளத்தில் படிந்துவிடும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், உப்பு காய்ந்து வெடிச் சத்தமாகக் கேட்கும்.

பூஞ்சையை ஈரத்தோடு தொட்டால் சேறாகிப் பள்ளத்துக்குள் இறங்கும். எனவே முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே வைத்து, மென்மையான தூரிகையால் முதலில் உலர்வாகத் தட்டுங்கள். பிறகு கலவையை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு இழுக்கவே கூடாது. நடுவிலுள்ள காகித லேபிளில் நீர் பட்டால் சாயம் ஓடும். கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் தொட்டு இன்னொரு துணியால் ஒரு சுற்று. சமையலறைத் தட்டு அடுக்கும் ஸ்டாண்டில் நிமிர்த்தி, நிழலில் காயவிடுங்கள். சேலத்தில் இரண்டு மணி நேரம் போதும். மலைமேல் மூடுபனி நாளில் ஓர் இரவு ஆகும். ஈரம் மிச்சமிருக்க உறையில் போட்டால் அடுத்த மாதம் பூஞ்சை திரும்பிவிடும். பழைய உள்ளுறையைத் தூக்கிப் போடுங்கள், விதை அதில்தான் இருக்கிறது.

சேலத்துக்கு இறக்குவதாக இருந்தால் பெட்டியில் இறுக்கமாக, நிமிர்த்தி அடுக்குங்கள். இடம் விட்டால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒன்றோடொன்று உரசும். வந்து சேர்ந்ததும் காரிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வினைல் நெளிந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து மகன் பழைய ரெக்கார்டு பிளேயர் கொண்டுவந்தான். 110 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் வாங்கிவிட்டோம். ஆனால் டி.எம்.எஸ். தூக்கக் கலக்கத்தில் பாடுவது போலிருக்கிறது. (வாசகர், அம்மாப்பேட்டை)

டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்து ஓடும் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 45 என்பது 37½ ஆகிறது. மூன்று நிமிடப் பாட்டு 3 நிமிடம் 36 வினாடி ஓடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்குவார். சந்தேகமிருந்தால் தட்டின் விளிம்பில் சிறு ஸ்டிக்கர் ஒட்டி ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

தீர்வு மோட்டார் தண்டிலுள்ள புல்லியில் இருக்கிறது. விட்டம் 1.2 மடங்கான 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைத்தால் மாற்றலாம். இல்லையென்றால் லேத்தில் கடைந்து வாங்கலாம். படிப்படியாக உள்ள புல்லியில் ஒவ்வொரு படியையும் அளந்து கொடுக்க வேண்டும், மையம் இம்மி விலகினாலும் பாட்டு ஊசலாடும். இன்னொன்று: 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50இல் அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். 110க்குப் பதில் 95 முதல் 100 வோல்ட் கொடுத்தால் நல்லது. அடாப்டரில் ஓடும் டி.சி. மோட்டார் வகைக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

சேலத்தை வைத்து இப்படி ஒரு தொடர் எடுக்க முடியுமா? (வாசகி, கன்னங்குறிச்சி)

இசைத்தட்டு நிறுவனத்தை வைத்து முடியாது. தட்டு அச்சானது கல்கத்தா டம்டம் ஆலையில். ஆனால் தட்டுக்கு முந்தைய கதை உங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் இப்போது நுழைவு வளைவாக மட்டும் நிற்கிறதே, அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும் 1956இல் அங்கிருந்துதான் வந்தது. தொடர் எடுப்பவர் அரக்குத் தட்டையும் வினைலையும் மட்டும் குழப்பாமல் இருக்க வேண்டும். 1950இல் நடக்கும் காட்சியில் சேலத்து வீட்டில் அன்று வந்தே இராத ஈ.பி. சுழன்றால் மேலே கேள்வி கேட்ட ஏற்காட்டுக்காரரே கடிதம் போட்டுவிடுவார்.