கொப்பளித்த ரயரோடு மாரியை எதிர்கொள்ள முடியுமா? தினமும் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ரயர் தெரிவு

கேள்வி: நான் ஒட்டுசுட்டானில் இருக்கிறேன், வேலை வவுனியாவில். கிழமையில் ஐந்து நாள் மாங்குளம் வந்து கண்டி வீதியால் போய்வருகிறேன். கார் ரொயோட்டா 86, ஜி.டி. வகை, 17 அங்குல றிம். நாலு ரயரும் தேய்ந்துவிட்டன. ஒரு கடையில் 225 அகலம் போட்டால் கார் நிலத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் என்கிறார்கள். இன்னொரு கடையில், விலை குறைந்த, நெடுநாள் உழைக்கிற ரயர் காணும் என்கிறார்கள். யப்பானில் பாவித்த ரயர் ஒரு செற் இருக்கிறது என்கிறான் கூட்டாளி. எதை எடுப்பது? இடப்பக்க முன் ரயரின் பக்கத்தில் சின்னக் கொப்பளம் ஒன்றும் இருக்கிறது. சம்பளம் வரும்வரை அதோடு ஓடலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்லவேண்டும். ஓடவேண்டாம். ஒரு நாளும் வேண்டாம். ரயரின் பக்கச்சுவருக்குள் நெருக்கமாக இழைகள் ஓடுகின்றன. காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த இழைகள்தான், றப்பர் அல்ல. குழி விளிம்பில் அடிபட்டு, றிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் சுவர் நசியும்போது இழைகளில் சில அறுந்துபோகும். அறுந்த இடத்தில் றப்பர் மட்டும் காற்றைத் தாங்க முடியாமல் வெளியே தள்ளும். அதைத்தான் நீங்கள் கொப்பளம் என்கிறீர்கள். அதை ஒட்டித் திருத்த வழியே இல்லை. மத்தியானத் தார்ச்சூட்டில் கனகராயன்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் அது வெடித்தால், வெடிப்பது ஸ்ரியறிங்கோடு இருக்கிற முன்சில்லு. ஸ்பெயார் சில்லு இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். அது மெல்லிய தற்காலிகச் சில்லு என்றால் 80 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாமல் கடைவரை மட்டும் கொண்டுபோங்கள்.

அந்தக் கொப்பளம் எப்படி வந்திருக்கும் என்பதை யோசித்தால், எந்த ரயர் வாங்குவது என்பதற்கும் பாதிப் பதில் கிடைக்கும். எதிரே பஸ் வருகிறது. வழிவிட இடப்பக்கம் ஒதுங்குகிறீர்கள். இடது சில்லுகள் தார் விளிம்பைவிட்டுக் கிரவலில் இறங்குகின்றன. பஸ் போனதும் வேகம் குறைக்காமல் திரும்ப ஏறுகிறீர்கள். நாலு விரல் உயரத் தார் விளிம்பு, கத்தி மாதிரிப் பக்கச்சுவரில் ஏறுகிறது. என்னிடம் எலைன்மென்றுக்கு (சில்லுகளின் கோணத்தைச் சரிபார்க்க) வருகிற தாழ்ந்த கார்களில் அடிபட்டிருப்பது அநேகமாக இடப்பக்கம்தான். விரலால் உட்பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தால், வெளியே தெரியாத இன்னும் ஒரு வீக்கம் சிலவேளை தட்டுப்படும். உங்கள் காரிலும் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.

உங்கள் ரயரில் 215/45 ஆர்17 87டபிள்யூ என்று இருக்கும். 215 என்பது மில்லிமீற்றரில் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு சுவரின் உயரம் என்பது. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 97 மில்லிமீற்றர். 17 றிம்மின் அங்குலம். 87 என்றால் ஒரு ரயர் 545 கிலோ தாங்கும். டபிள்யூ என்றால் 270 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும். இலங்கையில் நீங்கள் போகிற மாதிரி வீதியில் காருக்கு அனுமதித்த உச்ச வேகம் 70 என்பதால் வேக எழுத்துக்காகக் கவலைப்படத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது அந்த 97 மில்லிமீற்றரை நினைத்துத்தான்.

இனி 225. வேண்டாம் என்பேன். 2012இல் இந்தக் காரை வெளியிட்டபோது ரொயோட்டா இதற்குப் போட்டது மிசெலின் பிறைமசி எச்.பி. என்ற சாதாரண அமைதி ரகம். 17 அங்குல றிம்மோடு அப்போது வந்த பிரியஸுக்கும் அதே அளவு ரயர்தான். அதைக் குறையென்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கார் பாரம் குறைந்தது, பின்சில்லால் ஓடுவது. பிடி அளவாக இருந்தால்தான் கார் என்ன செய்கிறது என்பதைச் சாரதி உணரமுடியும் என்று எண்ணி வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். இன்னொரு காரணம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது லொறி ஓடித் தாழ்ந்த தடங்களில் தண்ணீர் நிற்கும். ரயர் அகலமானால் அது விலக்கவேண்டிய தண்ணீரும் கூடும், காரின் பாரமும் பரந்துபோகும். அதனால் ரயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்குகிற வேகம் குறைந்துவிடும். காய்ந்த தாரில் 225 தருகிற கூடுதல் பிடியை 70இல் போகிற நீங்கள் ஒருநாளும் பாவிக்கப்போவதில்லை.

நெடுநாள் உழைக்கிற ரயர் என்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். பல ரயர்களின் பக்கச்சுவரில் ட்ரெட்வெயர் என்று ஓர் எண் இருக்கும். ஒப்பீட்டுக்கு வைத்திருக்கிற ரயரை 100 என்று கொண்டால், அதைவிட எத்தனை மடங்கு தேய்வைத் தாங்கும் என்பதை அது சொல்கிறது. 200உம் அதற்குக் கீழும் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களின் மென்மையான றப்பர். மிசெலின் பைலட் ஸ்போர்ட் 4இல் 320 இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனையை ஒவ்வொரு நிறுவனமும் தானே செய்து தானே எண் போடுகிறது. அதனால் ஒரே நிறுவனத்தின் இரண்டு ரயர்களை ஒப்பிட அது உதவும், இரண்டு நிறுவனங்களை ஒப்பிட நம்பமுடியாது. அதன் பக்கத்திலேயே ட்ரக்‌ஷன் என்று ஓர் எழுத்து இருக்கும். ஈரத்தில் நேராகப் பிறேக் பிடிக்கும் திறன் அது. ஏஏ அல்லது ஏ இருந்தால் எடுங்கள், பி வேண்டாம். அடுத்து டெம்பரேச்சர் என்று ஓர் எழுத்து. சூட்டைத் தாங்கும் திறன் அது. வன்னி வெயிலில் மணிக்கணக்காக ஓடுகிற உங்களுக்கு அது ஏயாகவே இருக்கவேண்டும்.

ஈரப்பிடியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் நீங்கள் வீடு திரும்புகிற நேரம். இருட்டி, மழை விட்டு, தார் இன்னும் இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சூட்டுக்காக வீதி நடுவே கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும். கறுத்த மாடு கடைசி நேரத்தில்தான் வெளிச்சத்தில் தெரியும். அந்த இடத்தில் நாலு மீற்றர் முன்னே கார் நிற்பதா, மாட்டுக்குள் போய் நிற்பதா என்பதை ரயரின் றப்பர்தான் தீர்மானிக்கும். பத்தாயிரம் கிலோமீற்றர் கூடுதலாக ஓடுகிற கடினமான ரயர் அங்கே உங்களைக் காப்பாற்றாது.

ஆகவே என் ஆலோசனை இதுதான்: 16 அங்குலத்துக்கு இறங்குங்கள். யப்பானில் இந்தக் காரின் ஜி வகை 205/55 ஆர்16 ரயரோடுதான் விற்கப்பட்டது. அது வீதிக்கடைக் கண்டுபிடிப்பு அல்ல, நிறுவனமே கொடுத்த அளவு. சுவரின் உயரம் 97இலிருந்து 113 மில்லிமீற்றராகிறது. அந்த 16 மில்லிமீற்றர்தான் தார் விளிம்புக்கும் றிம்முக்கும் நடுவில் உங்களுக்குக் கிடைக்கிற மெத்தை. மொத்த விட்டம் ஒரு வீதம் மட்டுமே கூடுவதால் வேகமானியில் பெரிய வித்தியாசம் வராது. 205/55 ஆர்16 உலகம் முழுக்கப் பரவலாக விற்கிற அளவு. அதனால் தெரிவு அதிகம், அதே தரத்தில் 17 அங்குலத்தைவிட விலையும் பொதுவாகக் குறைவு. வளைவில் ஸ்ரியறிங் கொஞ்சம் மந்தமாகும், அது உண்மை. ஒட்டுசுட்டான் வீதிக்கு அந்த விலையைக் கொடுக்கலாம்.

றிம் வாங்கும்போது இரண்டு விடயம் பாருங்கள். உங்கள் ஜி.டி. வகையின் முன் பிறேக், ஜி வகையைவிடப் பெரியது. எல்லா 16 அங்குல றிம்மும் அதன் மேல் போகாது. காசு கொடுக்கமுன் முன்சில்லில் ஒன்றை வெறும் றிம்மாகப் பூட்டி, கையால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றிப் பார்க்கவேண்டும். இரண்டாவது, பிரியஸ் றிம். ஊரில் அது மலிவாகக் கிடைக்கும். ஐந்து துளை, 100 மில்லிமீற்றர் வட்டம், உங்கள் காருக்கும் அதே. ஆனால் பிரியஸ் றிம்மின் நடுத்துளை 54.1 மில்லிமீற்றர், உங்கள் காரின் ஹப் (அந்தத் துளைக்குள் நுழைகிற நடுக்குமிழ்) 56.1. இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசத்தால் றிம் முழுதாக உட்காராது. நட்டை இறுக்கி இறுக்கி உட்காரவைக்கப் பார்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்யவிடாதீர்கள்.

றிம் கிடைக்காவிட்டால் அதே 215/45 ஆர்17இல் நல்ல ஈரப்பிடி ரயராக எடுங்கள். எந்த அங்குலமானாலும் மிசெலின் பிறைமசி 4, கொன்ரினென்ரல் பிறீமியம் கொன்ராக்ற் 6, பிறிட்ஜ்ஸ்ரோன் துரான்சா ரி005 போன்ற வகைதான் உங்களுக்குச் சரி. ஸ்போர்ட்ஸ் என்ற பெயர் ரயரில் இருக்கவேண்டும் என்று ஆசையென்றால் பைலட் ஸ்போர்ட் 4 எடுக்கலாம், அது மழையிலும் நல்ல ரயர்.

எதை எடுத்தாலும் பூட்டமுன் பக்கச்சுவரில் டொட் (DOT) என்ற எழுத்துக்களின் கடைசியில் உள்ள நாலு இலக்கத்தை வாசியுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கே ஒரு கடையில் பளபளவென்று மினுக்கிய ‘புது’ ரயர் தந்தார்கள். திகதி ஆறு வருடம் பழையது. சுவரை மடித்துப் பார்த்தபோது மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. தகரக் கொட்டிலுக்குள் வெக்கையில் கிடந்த றப்பர், ஓடாமலே இறுகிப்போகும். இரண்டு வருடத்துக்குள் செய்ததாகக் கேளுங்கள். நாலிலும் திகதி கிட்டக்கிட்ட இருக்கட்டும்.

கூட்டாளியின் யப்பான் ரயரை நான் தொடமாட்டேன். வயது மட்டும் காரணமல்ல. அவற்றில் சில பனிக்காலத்து ஸ்ரட்லெஸ் ரயர்கள். தரையில் படுகிற பூக்கட்டைகளில் நெருக்கமாக, நகத்தால் கீறியதுபோல் வளைந்து வளைந்து வெட்டுகள் இருக்கும். பக்கத்தில் மலைக்குள் பனிப்பூ அடையாளமும் இருக்கலாம். பனியில் மென்மையாக இருக்கச் செய்த அந்த றப்பர் நம் வெயிலில் கூழாகும். பிறேக் பிடித்தால் கார் நெளியும், விரைவில் தேய்ந்தும் போகும்.

காசு இரண்டுக்குத்தான் காணும் என்றால், புதிய இரண்டையும் பின்னுக்குப் போட்டு, பின்னுக்கு இருந்த இரண்டையும் முன்னுக்குக் கொண்டுவாருங்கள், கொப்பளித்த ரயர் கழிந்துவிடவேண்டும். புதியதைப் பலர் முன்னுக்குப் போடுவார்கள். ஈரத்தில் முன்சில்லு வழுக்கினால் ஸ்ரியறிங்கில் தெரியும், வேகத்தைக் குறைக்கலாம். பின்சில்லு வழுக்கினால் கார் சுழன்றுவிடும், உங்கள் கார் பின்சில்லால் ஓடுவதும்கூட. மற்ற இரண்டையும் மழைக்குமுன் எப்படியாவது மாற்றிவிடுங்கள். ரயரின் பள்ள வரிகளுக்குள்ளே உள்ள சிறு மேடுகள் ரயரின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீற்றர்தான் மிச்சம் என்று அர்த்தம். தண்ணீரை விலக்க 3 மில்லிமீற்றராவது வேண்டும்.

காற்றைக் காலையில், வீட்டிலிருந்து புறப்படமுன் பாருங்கள். சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவு ஆறிய ரயருக்கானது. வவுனியா போய்ச் சேர்ந்து, சுட்ட ரயரில் அளந்து ‘காத்துக் கூடிப்போச்சு’ என்று இறக்கிவிட்டால், அடுத்த நாள் காலை காற்று நாலைந்து பி.எஸ்.ஐ. குறைவாக இருக்கும். குறைந்த காற்றோடு கிரவலில் இறங்கினால் இன்னொரு கொப்பளம் வரும். கொஞ்சக் காசு கொடுக்க மனமில்லாமல் சொந்தமாகக் காற்றுமானி வாங்காதவர்கள்தான் ரயருக்கு அதிகம் செலவழிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

ரயர் போட்ட அன்றே வீல் எலைன்மென்ற் செய்யுங்கள். நாலும் ஒரே அளவென்பதால் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருதரம் முன்பின் மாற்றலாம். சுவரில் அம்புக்குறி இருந்தால் அதே பக்கத்துக்குள்தான் மாற்றவேண்டும். முள்ளோ ஆணியோ ஏறினால் மிதிபகுதியில் 6 மில்லிமீற்றர் வரையான துளையை உள்ளிருந்து ஒட்டலாம். சுவரில் ஏறியதை யார் ஒட்டித் தந்தாலும் வாங்காதீர்கள். புது ரயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுக்கல் படலம் இருக்கும். முதல் சில நூறு கிலோமீற்றர் போகும்வரை வளைவில் அழுத்தாதீர்கள். பஸ்ஸுக்கு ஒதுங்கியபின் திரும்ப ஏறும்போது, அந்தத் தார் விளிம்பில் நடக்கிற வேகத்துக்கு இறங்கி, சரிவாக அல்ல, ஸ்ரியறிங்கைக் கொஞ்சம் அதிகமாக ஒடித்து ஏறுங்கள்.