வயதான மூளையும் காந்தத் துடிப்பும்: வாசகர் கேள்விகள்

கே: அம்மாவுக்கு 72 வயது. மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். இந்த வயதில் மூளை அதை ஏற்குமா?

ப: ஏற்கும். அளவைச் சரியாக வைக்க வேண்டும், அவ்வளவுதான். தலைமேல் வைக்கும் கம்பிச்சுருள் ‘டக்’கென்று ஒரு காந்தத் துடிப்பை அனுப்பும். அது மண்டையோட்டைக் கடந்து மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். சுருளிலிருந்து தள்ளிப்போகப் போக அதன் வலு மளமளவென்று குறையும். வயதானால் மூளை சற்றுச் சுருங்கும்; மண்டையோட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடும். சில மில்லிமீட்டர் கூடினாலே துடிப்பு வலுவிழந்துதான் போய்ச் சேரும். ஆரம்பகால ஆய்வுகள் சிலவற்றில் முதியவர்களுக்குப் பலன் குறைவாகத் தெரிந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ‘வயசாயிடுச்சு, பலிக்காது’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள்.

கே: சரி, அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ப: பெரும்பாலும் கட்டைவிரலைப் பார்த்துத்தான். கையை இயக்கும் மூளைப்பகுதிக்கு மேலே சுருளை வைத்து வலுவை மெல்லக் கூட்டுவார்கள். மடியில் தளர்ந்து கிடக்கும் கையில் கட்டைவிரல் மட்டும் தானாகச் சுண்டும். பத்துத் துடிப்பில் ஐந்துக்காவது சுண்டினால் அதுதான் அவருடைய அடிப்படை அளவு. சிகிச்சைக்கு வழக்கமாக அதில் 120 சதவீதம். இதில் ஒரு சிக்கல் உண்டு. அளப்பது ஓரிடம், சிகிச்சை தருவது நெற்றிக்குப் பின்னால் வேறிடம். முதுமையில் அந்த முன்பகுதி இன்னும் அதிகமாகச் சுருங்கியிருக்கலாம். அதைக் கணக்கில் எடுத்தார்களா என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கே: நான்கு நிமிடத்தில் முடியும் புது முறை முதியவர்களுக்குப் போதுமா?

ப: போதும். 60 வயது தாண்டியவர்களிடம் ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வில், முக்கால் மணி நேரம் நீளும் வழக்கமான முறைக்கு அது சளைக்கவில்லை.

கே: தூண்டலின் தாக்கம் வயதானவர்களிடம் சீக்கிரம் மறைந்துவிடுமா?

ப: கையை இயக்கும் பகுதியில் செய்த சோதனைகள் பலவற்றில் தூண்டலுக்குப் பிந்தைய மாற்றம் முதியவர்களிடம் சராசரியாகக் குறைவாக இருந்தது. ஆனால் இளைஞர்களிலேயே ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் உண்டு. வயதை மட்டும் வைத்து ஒருவருடைய பலனைக் கணிக்க முடியாது.

கே: பேஸ்மேக்கர் இருக்கிறது, தூக்க மாத்திரையும் உண்டு.

ப: இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில வகைத் தூக்க மாத்திரைகள் பலனைக் குறைக்கக்கூடும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அப்புறம், தலைக்குள் உலோகக் கிளிப்போ காது உள்வைப்போ இருந்தால் பொதுவாக இந்தச் சிகிச்சை வேண்டாம் என்பார்கள்.