கண்ணாடியில் ஒட்டிய குடும்பப் படம்: கை வைக்கும் முன்

கேள்வி: எங்கள் லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டில்) தாத்தா குடும்பத்தின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இரு நாடும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெரிய அத்தை இந்தியா போவதற்கு முன், 1971இல் ஸ்டூடியோவில் எடுத்தது. அத்தை இப்போது கூடலூரில் இருக்கிறார். படத்தின் இடது பக்கம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது, வெள்ளைப் பூஞ்சணமும் தெரிகிறது. பின்வரிசையில் நிற்கும் பையன் யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. போனில் எடுத்து வைத்தால் போதும் என்கிறான் மகன். லேமினேட் செய்யச் சொல்கிறார்கள் அக்கம்பக்கத்தார். எது சரி?
- வாசகி, பொகவந்தலாவ

பதில்: முதலில் ஒன்று. கண்ணாடியிலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். என் அப்பாயி படத்தை நானே அப்படிக் கெடுத்தவன். தொழில் பழகிய புதிது. சவர பிளேடை உள்ளே விட்டு மெல்ல நெம்பினேன். தாள் கையோடு வந்தது. மூக்குத்தியும் பாதிக் கன்னமும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டன.

காரணம் எளிது. அந்தக் காலத்துப் படத்தில் உருவம் தாளில் இல்லை. தாளின் மேல் பூசிய ஜெலட்டின் படலத்துக்குள் நுண்ணிய வெள்ளித் துகள்களாக இருக்கிறது. ஈரம் பட்டால் ஜெலட்டின் ஊறிப் பசையாகும், காய்ந்தால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பூஞ்சணத்துக்கும் அதுதான் தீனி. உங்கள் பக்கத்து மழையும் லயத்துச் சுவரின் ஓதமும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? ஆவி பிடிப்பது, தண்ணீரில் ஊறவைப்பது எதையும் வீட்டில் முயல வேண்டாம்.

கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். வெயில் இல்லாத பகலில், சட்டத்தை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நிமிர்த்தி வைத்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். எடுப்பவருக்குப் பின்னால் ஒருவர் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தால் கண்ணாடியில் வெளிச்சமும் முகமும் விழாது. நல்ல கமரா உள்ள ஸ்டூடியோக்காரர் கிடைத்தால் இன்னும் மேல். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் வெறும் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

மகன் சொல்வதில் பாதி சரி. ஆனால் அவன் போன் இரண்டு மூன்று வருடத்தில் மாறும், கடவுச்சொல் மறக்கும். உங்கள் சுவரில் இருப்பதோ அரை நூற்றாண்டு சார்ஜ் போடாமல் நின்ற படம். அதனால் அந்தப் பிரதியை அச்சிடுங்கள். 6x4 அங்குலத்துக்கு 1800x1200 பிக்சல் இருந்தால் முகங்கள் தெளிவாக வரும். போட்டோத்தாளிலேயே போடுங்கள், கலர் போட்டோகொப்பி அதற்கு ஈடாகாது.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது, உள்ளே அகப்பட்ட ஈரமும் வெளியேறாது. அடையாள அட்டைக்குச் செய்ததைத் தாத்தாவுக்குச் செய்யாதீர்கள்.

புதுப் பிரதிக்குச் சட்டம் போடும்போது, படத்தைச் சுற்றி தடித்த அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாமலிருக்க அந்த இடைவெளி போதும். அடுப்புப் புகை படும் சுவரும் மழை அடிக்கும் வெளிச்சுவரும் ஆகாது. பழைய படத்தை அந்தச் சட்டத்தோடே உலர்ந்த அலமாரியில் வையுங்கள்.

எத்தனை பிரதி? குறைந்தது மூன்று, மூன்றும் வேறு வேறு வீட்டில். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது லயங்களே புதைந்து போயின. ஒரே கூரையின் கீழ் எத்தனை பிரதி வைத்தும் பயனில்லை. ஒன்று கூடலூருக்குப் போகட்டும். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே படம் தொங்குவது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல.

பெயர்களை மறக்காமல் எழுதுங்கள். புதுத்தாளின் வழுவழுப்பான முதுகில் பென்சில் பிடிக்காது, பேனா மை அடுத்த படத்தில் ஒட்டும். ஒரு தாள் துண்டில் இடமிருந்து வலமாக எழுதி, சட்டத்தின் பின்பலகையில் ஒட்டிவிடுங்கள். பின்வரிசைப் பையனுக்கு இடம் விட்டு எழுதுங்கள். பிரதி கைக்கு வந்த அன்றே அத்தைக்கு வீடியோ கோல் எடுத்து, அவன் முகத்தைக் கிட்டக் காட்டிக் கேளுங்கள். சட்டம் அடிப்பதைக்கூட அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.